இடம்பாய்தல்: டெலிபோர்ட்டுக்கு ஒரு தமிழ்ச்சொல்

போன கிழமை வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பெறாமகள் சாப்பாட்டு மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு பேனை மூடியைக் கடித்தபடி இருந்தாள். பாடசாலைச் சஞ்சிகைக்கு ஒரு கதை. ஏழு தீவுகள் உள்ள ஒரு மாய உலகம், அதில் மந்திரம் தெரிந்த ஒரு பெண். முதல் பக்கத்திலேயே ‘மாயா டெலிபோர்ட் ஆனாள்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, ஓரத்தில் ‘தமிழில் எழுதவும்’ என்று குறித்திருந்தார்.

“சின்னம்மா, ‘இடம்பெயர்ந்தாள்’ எண்டு எழுதட்டே?”

நான் வாய் திறக்க முதல், சாய்மனைக் கதிரையில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “ஏன் பிள்ளை, அவளின்ர ஊரில சண்டையே?”

அம்மாவின் அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. டெலிபோர்ட் என்பதற்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. ஆனால் எந்தச் சொல்லை எடுத்தாலும் அது ஏற்கெனவே எதையோ சுமந்துகொண்டு நிற்கிறது. அந்தச் சுமையைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

முதலில் பொருள். ஓர் ஆளோ பொருளோ ஓரிடத்தில் மறைந்து, இடையில் உள்ள தூரத்தைக் கடக்காமலே இன்னோரிடத்தில் தோன்றுவதுதான் டெலிபோர்ட். ‘கடக்காமலே’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புட்பக விமானத்தில் அயோத்திக்குத் திரும்பும் இராமன், வழியில் தெரிகிற இடங்களையெல்லாம் சீதைக்குக் காட்டிக்கொண்டே போகிறான். கீழே கடல் தெரிகிறது, காடு தெரிகிறது. அது எவ்வளவு மாயமான ஊர்தியாக இருந்தாலும், அது செய்வது பயணம். டெலிபோர்ட்டில் காட்ட எதுவும் இல்லை. புறப்பட்ட இடம் உண்டு, சேர்ந்த இடம் உண்டு, நடுவில் வழி கிடையாது.

ஆங்கிலச் சொல்லும் ரொம்பப் பழையதல்ல. சார்ல்ஸ் ஃபோர்ட் என்ற அமெரிக்கர், வானத்திலிருந்து தவளையும் மீனும் விழுந்தன, மூடிய அறைக்குள் கல் வந்து விழுந்தது என்பதுபோன்ற விசித்திரச் செய்திகளைப் பழைய பத்திரிகைகளிலிருந்து வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவர். பொருட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிப் போடும் ஏதோ ஒரு சக்தி இருக்கவேண்டும் என்று எண்ணி, அதற்கு ‘டெலிபோர்ட்டேஷன்’ என்று பெயர் வைத்தார். 1931இல் வந்த ‘லோ!’ என்ற நூலில் அந்தச் சொல் இருக்கிறது. ‘டெலி’ கிரேக்கம், தொலைவு என்று பொருள். ‘போர்ட்டாரே’ இலத்தீன், சுமத்தல். இம்போர்ட், எக்ஸ்போர்ட், ட்ரான்ஸ்போர்ட் எல்லாவற்றிலும் இருப்பது அந்தச் சுமத்தல்தான். புகையிரத நிலையத்தில் மூட்டை தூக்கும் போர்ட்டரும் அதே குடும்பம். கொழும்புப் பிள்ளைகளுக்குப் ‘போர்ட்’ என்றதும் துறைமுகமும் போர்ட் சிட்டியும் நினைவுக்கு வரும். துறைமுகத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல் ‘போர்ட்டுஸ்’. உறவுச் சொல்தான், ஆனாலும் வேறு சொல்.

ஆக, அந்தச் சொல்லின் அடியில் யாரோ ஒருவர் சுமந்து செல்வது இருக்கிறது. பிற்பாடு அறிபுனைக் கதைகளும் கைபேசி விளையாட்டுகளும் அதைத் தன்வினையாக மாற்றிவிட்டன. இப்போது யாரும் சுமப்பதில்லை, ஆளே போகிறார்.

‘டெலி’யைத் தமிழில் ‘தொலை’ ஆக்கிப் பழகிவிட்டோம். தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநோக்கி, தொலைநகல். அந்த வரிசையில் தொலைப்பெயர்ச்சி, தொலைநகர்வு என்றெல்லாம் சொல்லலாம். தவறில்லை. ஆனால் கதைக்குள் வைத்து வாசித்துப் பாருங்கள். ‘மாயா தொலைநகர்ந்தாள்.’ நம் பேச்சில் தொலைதல் என்றால் காணாமற்போதல். ‘திறப்பைத் தொலைச்சுப் போட்டன்’, ‘எங்கேயாவது தொலைஞ்சு போ’ என்றுதான் காதில் விழுகிறது. பெயர்ச்சொல்லில் நன்றாக நிற்கிற ‘தொலை’, வினைச்சொல்லின் முன்னால் வந்ததும் ஆளையே தொலைத்துவிடுகிறது.

இயற்பியலுக்கு அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். 1993இல் சார்ல்ஸ் பெனெட், ஜீல் பிராசார்ட் உள்ளிட்ட ஆறு பேர் குவாண்டம் டெலிபோர்ட்டேஷன் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். 1997இல் வேறு ஆய்வாளர்கள் ஒளித்துகளை வைத்து அதைச் செய்தும் காட்டினார்கள். நம் உயர்தர வகுப்புப் புத்தகங்களில் குவாண்டம் என்பது சக்திச்சொட்டு. அழகான சொல், தமிழ்நாட்டு நண்பர்களுக்குச் சொன்னால் வியப்பார்கள். அந்தச் சோதனையில் துகள் எங்கும் போவதில்லை. அதன் நிலை மட்டும் தொலைவில் உள்ள இன்னொரு துகளுக்கு மாறுகிறது, முதல் துகளில் அந்த நிலை அழிந்துவிடுகிறது. தொலைநகலில் மூலத்தாள் நம் கையிலேயே இருக்கும், இங்கே அதுவும் இருக்காது. ஒரு நிலை பெயர்ந்துபோவதால் அதைத் தொலைப்பெயர்ச்சி என்பது பொருத்தம். மந்திரம் தெரிந்த பெண்ணுக்கு அது சரிவராது.

சரி, பழைய தமிழ் என்ன சொல்லி வைத்திருக்கிறது? இங்கேதான் எனக்குச் சந்தோஷம் பொங்குகிறது, ஏனென்றால் மாயப் பயணத்துக்கு நம்மிடம் ஒரு சொல் இல்லை, ஒரு பெட்டி நிறையச் சொற்கள் இருக்கின்றன.

புறநானூற்றின் 27ஆம் பாட்டில் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ வருகிறது. ஓட்டுநர் செலுத்தாமல் தானே போகும் விண்ணூர்தி. சீவக சிந்தாமணியில் கருவுற்ற விசயை ஏறித் தப்பிப்போகும் மயிற்பொறி இருக்கிறது. சித்தர் கதைகளில் கெவுனக் குளிகை உண்டு, வாயில் அடக்கிக்கொண்டால் வானில் போகலாம். இவையெல்லாம் பறத்தல், ஊர்தல் வகை. நடுவில் வழி இருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளும் கண்ணகியும் கோவலனும் வழியில் ஒரு சாரணரைக் காண்கிறார்கள். வானில் இயங்கும் ஆற்றல் பெற்ற சமணத் துறவிதான் சாரணர். அந்தச் சொல்லை இப்போது யாருக்குக் கொடுத்திருக்கிறோம் தெரியுமா? கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு கூடாரம் அடிக்கும் பாடசாலைச் சாரணர் படைக்கு. பெறாமகளிடம் சொன்னபோது நம்பவில்லை. அவளுடைய வகுப்புப் பெடியன் ஒருவன் சாரணனாம். “அவனுக்குச் சுவரால ஏறவே தெரியாது” என்றாள்.

மணிமேகலைக் காப்பியத்தில் அள்ள அள்ளக் குறையாது. புகாரின் உவவனம் என்ற பூஞ்சோலையில் தூங்கிக்கொண்டிருந்த மணிமேகலையை மணிமேகலா தெய்வம் எடுத்துக்கொண்டு, முப்பது யோசனை தூரம் தெற்கே போய் மணிபல்லவத்தில் வைத்துவிடுகிறது. மணிபல்லவம் நம் நயினாதீவுதான் என்பது பலருடைய கருத்து. சுமந்துபோனது தெய்வம், வான்வழி போனது, ஆகவே கதை சொல்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பறத்தல். மணிமேகலை பக்கத்திலிருந்து பாருங்கள். கண்ணை மூடியது பூஞ்சோலையில், திறந்தது அறியாத கடற்கரை மணலில். நடுவில் ஒன்றுமில்லை. தோழி சுதமதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடுகிறாள், அழுகிறாள். அந்தக் காதைக்கே ‘மணிபல்லவத்துத் துயருற்ற காதை’ என்று பெயர். மாய உலகம் எழுதும் இளையவர்கள் இதை ஒருமுறை வாசிக்கவேண்டும். ஆளைச் சட்டென்று இடம் மாற்றினால், சேர்ந்த இடத்தில் முதலில் வருவது வியப்பா பயமா என்று அந்த நூலை எழுதிய சாத்தனார் யோசித்திருக்கிறார்.

பின்னால் தெய்வம் அவளுக்கு ஒரு மந்திரம் கொடுக்கிறது. ‘வேற்றுரு எய்தவும் அந்தரம் திரியவும்’ உதவும் மந்திரம். அந்தரம் என்றால் வெளி, ஆகாயம். ‘அந்தரம் போதல்’ என்று எழுதலாமே என்று முதலில் ஆசைப்பட்டேன். யாழ்ப்பாணத்துக் காது விடவில்லை. நமக்கு அந்தரம் என்றால் பதற்றம். ‘அந்தரப்படாதை பிள்ளை, பஸ் வரும்’ என்று காலி வீதியில் 100ஆம் இலக்கப் பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா சொல்லுவாரே, அந்த அந்தரம்.

அதே நூலில் காயசண்டிகை என்ற, விஞ்சையர் எனும் தேவ இனத்துப் பெண் ஒரு முனிவரின் நாவற்கனியை மிதித்துச் சாபம் வாங்கி, வானில் போகும் மந்திரத்தை இழக்கிறாள். பன்னிரண்டு ஆண்டு தீராப் பசி. சாபம் தீர்ந்து ஊர் திரும்பும்போது விந்திய மலையைச் சுற்றிப் போகாமல் நேரே அதன்மேல் பறக்கிறாள். மலையைக் காக்கும் விந்தா கடிகை அவளுடைய நிழலைப் பிடித்து இழுத்து விழுங்கிவிடுகிறது. வானத்திலும் போகக்கூடாத பாதை உண்டு என்று விதி எழுதி வைத்த கதை இது.

அட்டமாசித்திகளில் பிராத்தி என்று ஒன்று. நினைத்த இடத்தை எட்டும் ஆற்றல் என்று அதை விளக்குவார்கள். பொருளால் டெலிபோர்ட்டுக்கு மிகக் கிட்டவே வரும். ஆனால் இன்றைக்கு ‘பிராப்தம் இருந்தால் நடக்கும்’ என்பதோடு அது குழம்பிவிட்டது. புராணம் படிப்பவர்கள் ‘அந்தர்த்தானமானார்’, ‘பிரசன்னமானார்’ என்பார்கள். மறைவுக்கு ஒன்று, தோன்றுவதற்கு ஒன்று. இரண்டையும் ஒன்றாகக் கட்ட ஒரு சொல் இல்லை.

இனி இடம்பெயர்தலுக்கு வருகிறேன். பெயர்தல் என்பது ஒட்டியிருந்தது பிடுங்கிக்கொண்டு வருவது. கல்லில் இடித்தால் நகம் பெயரும், மழையில் சுவர் பெயரும். சனிப்பெயர்ச்சியும் மொழிபெயர்ப்பும் நோகாதவை. இடப்பெயர்வு நோகும். 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து, யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கிச் சனம் முழுக்க நடந்தபோது எனக்கு எட்டு வயது. மழை. சைக்கிளின் முன்னால் தண்ணீர்க் கான், பின்னால் அரிசி மூட்டை, அதற்குமேல் அக்காவின் பாடப் புத்தகங்கள். ஓரடி வைத்தால் நிற்கவேண்டும், பிறகு ஓரடி. நாவற்குழிப் பாலத்தை நெருங்கவே விடிந்துவிட்டது. அந்த இரவுக்கு எங்களிடம் உள்ள பெயர் இடப்பெயர்வு. அதில் நடுவழிதான் எல்லாமே. நடுவழியே இல்லாத ஒரு மாயத்துக்கு அந்தச் சொல்லை எப்படிக் கொடுப்பது? தமிழ்நாட்டில் ஒருவர் எழுதினால் ஒருவேளை யாருக்கும் உறுத்தாது. இங்கே உறுத்தும், உறுத்தவும் வேண்டும்.

எனக்குப் பிடித்த சொல் இன்னொரு கதையிலிருந்து வருகிறது. திருமூலர் சாத்தனூரில் இறந்துகிடந்த மூலன் என்ற இடையனின் உடலுக்குள் புகுந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. இதைத்தான் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்கிறோம். கூட்டுக்கும் கூட்டுக்கும் நடுவில் உயிர் எந்த வழியால் போனது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாதபடி அந்தச் சொல்லே பார்த்துக்கொள்கிறது. அம்பு பாயும், புலி பாயும், தண்ணீர் பாயும். அவற்றுக்கெல்லாம் வழி உண்டுதான். ஆனால் ‘இன்னதைவிட்டு இன்னதுக்குப் பாய்தல்’ என்று அமைந்தவுடன் வழி மறைந்து இரண்டு முனை மட்டும் நிற்கிறது. அப்படியானால் இடம்விட்டு இடம் பாய்தல். சுருக்கினால் இடம்பாய்தல்.

இது வினையாக நன்றாக ஓடுகிறது. இடம்பாய்ந்தாள், இடம்பாய்கிறாள், இடம்பாய மாட்டாள். பெயராக வேண்டுமென்றால் இடப்பாய்ச்சல். பாய்தலுக்குப் பிறவினை ஏற்கெனவே இருக்கிறது, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறோம் அல்லவா? ஆகவே சூனியக்காரி தன் எதிரியைத் தீவுக்கு அனுப்பினால் ‘இடம்பாய்ச்சினாள்’. ஃபோர்ட் நினைத்த அந்தச் சுமத்தலும் இதற்குள் வந்துவிடுகிறது. மாயக்காரர் போய்ச் சேருவதற்கென்று குறித்த இடங்கள் கதையில் இருந்தால், அவற்றைப் பாய்துறை என்று சொல்லலாம். பருத்தித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பாணந்துறை என்று இந்த நாட்டைச் சுற்றிலும் துறைகள்தானே.

அப்புறம், பெறாமகள் கொப்பியைத் திருத்தினாள். ‘கண் மூடித் திறப்பதற்குள் மாயா ஆறாம் தீவுக்கு இடம்பாய்ந்தாள். காலடியில் மணல். ஒருவரையும் தெரியவில்லை.’ உரக்க வாசித்துக் காட்டினாள். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “திரும்பி வாற மந்திரமும் அவளுக்குத் தெரியுமோ?” என்றார். பிள்ளை கொஞ்சம் யோசித்து, இன்னொரு வரி சேர்த்தாள்.

“சின்னம்மா, இடம் வேற பாய்ந்தாள் வேறயா எழுதிறதோ, சேத்து எழுதிறதோ?”

“சேத்து எழுது.”