முதல் வேட்டைத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா? தோள் சொல்லும் கணக்கு

வெடிமருந்து தீப்பற்றிய பிறகு, குண்டு குழலைக் கடந்து வெளியேற ஆகும் நேரம் ஆயிரத்தில் ஒன்று, ஒன்றரை விநாடி. எதிர்பாராத ஓர் அடிக்கு மனித உடல் துள்ளுவதற்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் ஆகும். ஆகவே துப்பாக்கி தோளில் இடிப்பதால் குறி தவறுவதில்லை. உடல் துள்ளும்போது குண்டு போய்விட்டிருக்கும். குறியைக் கெடுப்பது, இடி வரப்போகிறது என்று உடல் முன்கூட்டியே செய்துகொள்ளும் தற்காப்புதான். கண் மூடுகிறது, தோள் முன்னே தள்ளுகிறது, விரல் விசையை வெடுக்கென்று இழுக்கிறது. குழல் முனை தாழ்ந்த பிறகுதான் தோட்டா வெடிக்கிறது. பயிற்சிக் களத்தில், சுடுபவருக்குத் தெரியாமல் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைப் போட்டுப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். வெடிக்காத துப்பாக்கியின் முனை தானாகவே கீழே குத்தும்.

முதல் துப்பாக்கிக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் ஆற்றல் அட்டவணையில்தான் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் தோளில் விழும் அந்த இடி, அதாவது பின்னுதைப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

தோட்டாவின் அமைப்பு எளிது. பித்தளைக் கூட்டுக்குள் வெடிமருந்து, வாயில் குண்டு, அடியில் தீமூட்டும் பிரைமர். சிறிய .22 தோட்டாவில் (இத்தகைய எண் குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் குறிக்கும்) தீமூட்டும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள் இருக்கும். சுத்தி அந்த விளிம்பை நசுக்கினால் பற்றிக்கொள்ளும். நசுங்க வேண்டிய விளிம்பைத் தடிமனாகச் செய்ய முடியாது என்பதால் அந்தக் கூடு அதிக அழுத்தத்தைத் தாங்காது. பிரைமரை அடியின் நடுவில் தனிக் கிண்ணமாகப் பதித்தால் கூட்டின் அடிப்பகுதியைக் கெட்டியாகச் செய்யலாம். நடுவில் பற்றும் தோட்டாக்களில் .308 வின்செஸ்டரின் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு; .22 லாங் ரைஃபிளுக்கு 24,000. மான் வேட்டைக்கான வேகமும் எடையும் இந்த வேறுபாட்டிலிருந்து கிடைப்பவை.

இனி உதைப்பின் கணக்கு. குண்டும் அதன் பின்னால் பீறிடும் வாயுவும் எவ்வளவு உந்தத்தோடு முன்னே போகின்றனவோ, அதே உந்தம் துப்பாக்கிக்குப் பின்பக்கமாகக் கிடைக்கிறது. .308-இல் 9.7 கிராம் குண்டு விநாடிக்கு 860 மீட்டர் வேகத்தில் போகிறது. எரியும் மருந்து சுமார் 2.9 கிராம். துப்பாக்கியின் எடை மூன்றரை கிலோ என்றால் அது விநாடிக்கு 3.4 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வரும். ஆற்றலாகச் சொன்னால் ஏறத்தாழ 20 ஜூல். இதே எடையுள்ள துப்பாக்கியில் .243 வின்செஸ்டர் சுமார் 12 ஜூலும், மருந்து மிகுந்த ‘மேக்னம்’ வகையான .300 வின்செஸ்டர் மேக்னம் 38 ஜூலும் தரும். குழல் வாயில் இந்த இரண்டின் குண்டுகள் கொண்டுள்ள ஆற்றலோ முறையே 2,600, 4,700 ஜூல் அளவில். இரண்டு மடங்குகூட ஏறாத குண்டின் ஆற்றலுக்குத் தோள் மூன்று மடங்கு விலை கொடுக்கிறது. காரணம், உந்தம் இரட்டித்தால் உதைப்பின் ஆற்றல் நான்கு மடங்காகும். மலையேறத் தோதாக இருக்கட்டும் என்று துப்பாக்கியை 2.8 கிலோவாகக் குறைத்தால், .308-இன் 20 ஜூல் 25 ஆகிவிடும். இலகுவான துப்பாக்கியும் வலிய தோட்டாவும் சேர்வது புதியவருக்கு மிக மோசமான இணை.

அந்தக் கூடுதல் ஆற்றல் விலங்கிடம் என்ன செய்கிறது? ஜூல் கணக்கு நேராக உயிரை எடுப்பதில்லை. குண்டு நுரையீரலையோ இதயத்தையோ கிழித்து, ரத்த அழுத்தம் சரிந்து, மூளைக்கு ஆக்சிஜன் நின்றால்தான் விலங்கு விரைவில் சாகும். மானில் அந்த இலக்கு ஏறத்தாழ 20 செ.மீ. அகலம். அதற்குள் விழுந்த மிதமான குண்டு, வயிற்றில் விழுந்த மேக்னம் குண்டைவிட எவ்வளவோ இரக்கமானது. காயத்தோடு ஓடி மறையும் விலங்கு மணிக்கணக்கில் துடிக்கும். அதைத் தவிர்ப்பது வேட்டைக்காரரின் முதல் கடமை.

குண்டின் கட்டுமானமும் விட்டத்துக்குச் சற்றும் குறையாத முக்கியம் உடையது. வேட்டைக் குண்டு உடலுக்குள் காளான்போல் விரிந்து, விட்டம் ஒன்றரை முதல் இரண்டு மடங்காகி, அப்படியே ஆழமாகவும் போக வேண்டும். முழுதும் உலோக உறையிட்ட குண்டு விரியாமல் துளைத்துச் சென்றுவிடும். வேட்டைக்கு அது ஆகாது. விரிவதற்கும் குறைந்தபட்ச வேகம் தேவை. பல குண்டுகளுக்கு அது விநாடிக்கு 550 மீட்டர் அளவில் இருக்கிறது. வேகம் அதற்குக் கீழே இறங்கும் தொலைவுதான் அந்தத் தோட்டாவின் நேர்மையான எல்லை. ஈயத்துக்குப் பதிலாக முழுச் செம்புக் குண்டுகளும் இப்போது பரவலாகியுள்ளன; கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளை முற்றிலும் தடை செய்துவிட்டது.

தேர்வுக்கு வருவோம். 1952-இல் வந்த .308-இன் கூட்டைக் கழுத்தில் ஒடுக்கி 1955-இல் .243, 1980-இல் 7 மி.மீ.-08 ரெமிங்டன் ஆகியவை வந்தன. 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர் வேறு கூட்டிலிருந்து பிறந்தாலும் இவற்றோடு வைத்துப் பார்க்கத் தக்கது. அதன் நீண்ட ஒல்லியான குண்டைக் காற்று குறைவாகவே தள்ளும். ஆனாலும் 200 மீட்டருக்குள் இந்த நான்கின் பாதைகளுக்கும் உள்ள வித்தியாசம் அந்த 20 செ.மீ. இலக்குக்குள் அடங்கிவிடும். சிறிய மான்களுக்கு .243 போதும். ஆனால் சட்டத்தையும் பார்க்க வேண்டும்: ஜெர்மனியில் ரோ மான் என்ற சிறிய மானுக்கு 100 மீட்டரில் 1,000 ஜூல் போதும், மற்ற குளம்புள்ள வேட்டை விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மி.மீ. விட்டமும் 2,000 ஜூலும் வேண்டும். அங்கே .243 பெரிய மான்களுக்கு ஆகாது. பலவகை விலங்குகளுக்கும் ஒரே துப்பாக்கி என்றால் 7 மி.மீ.-08 அல்லது 6.5 கிரீட்மோர் என்பேன். உதைப்பு .308-ஐவிடக் குறைவு, ஆழம் போதுமானது. இவை எளிதாகக் கிடைக்காத இடத்தில் .308 வாங்கி, எடை குறைந்த குண்டோடு பழகலாம். பயிற்சிக்கே தோட்டா கிடைக்காவிட்டால் சிறந்த அளவாலும் பயனில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. ஒரே கூட்டில் பிறந்த தோட்டாக்கள் ஒன்றின் அறைக்குள் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் இடம்) மற்றொன்று நுழைந்துவிடக் கூடும்; .308 அறையில் .243 போய் உட்காரும். குழலில் பொறித்த பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் பார்க்க வேண்டும்.