ஊரில் இரண்டு ஏக்கர், மனசில் 45 எச்பி

சிங்கப்பூர்த் தேக்காவில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கு டிராக்டர் வாங்குவது இப்போது சாதாரணம். வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் வரும், வீடியோ வரும். கடைசியில் அண்ணனோ மச்சானோ, "45 எச்பியே எடுத்துடலாம், வாடகைக்கும் விடலாம்" என்பார். தவறான கொள்முதல் பெரும்பாலும் அந்த 'வாடகை'யில்தான் தொடங்குகிறது. வாடகைக்கு விடுவது தனித் தொழில். டிரைவர் சம்பளம், டீசல், வசூலாகாத பாக்கி என்று அதன் கணக்கைத் தனியே போடுங்கள்.

சொந்த நிலத்தின் கணக்கு இப்படி. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர், அதாவது 90 சதுர மீட்டர் நாலறை வீவக அடுக்குமாடி வீடுகள் நாற்பத்தைந்தைத் தரையில் பரப்பிய அளவு. மினி டிராக்டரில் பூட்டும் ஒரு மீட்டர் அகல ரொட்டவேட்டர் (மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் சுழல்கலப்பை) மணிக்கு 2.5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, திரும்புவதில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்தால் ஏக்கருக்கு இரண்டு மணி நேரம். 45 எச்பி வண்டியின் ஐந்தடி ரொட்டவேட்டருக்கு 1 மணி 20 நிமிடம். இரண்டு ஏக்கருக்கும் சேர்த்துப் பெரிய வண்டியில் மிச்சமாவது 80 நிமிடம், அவ்வளவுதான்.

அந்த மிச்சமும் வயல் பெரிதாக இருந்தால்தான். பத்து சென்ட் வயல் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 66 அடி. அதற்குள் 45 எச்பி வண்டி திரும்பினால் நான்கு மூலையும் உழாமல் நிற்கும், வரப்பும் சரியும். சேற்றுழவில் இன்னொரு தொல்லை: இரண்டு டன்னை நெருங்கும் வண்டி, தண்ணீரைப் பிடித்துவைக்கும் அடித்தட்டை உடைத்துக்கொண்டு இறங்கும். அப்புறம் அந்த இடத்தில் தண்ணீர் நிற்காது. 18 முதல் 24 எச்பி வரையிலான மினி டிராக்டர் பெரும்பாலும் ஒரு டன்னுக்குள் இருக்கும். ஆனால் அதன் வயிறு தரைக்குப் பக்கம். கேஜ் வீலும் (சேற்றுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) நான்கு சக்கர இழுவையும் இல்லாமல் ஆழச்சேற்றில் இறக்காதீர்கள்.

எச்பியைக் கேட்கும்போது பிடிஓ எச்பியை, அதாவது பின்னால் பூட்டும் கருவியை ஓட்டும் தண்டுக்கு வந்துசேரும் திறனைக் கேளுங்கள். ரொட்டவேட்டரைச் சுழற்றுவது அதுதான். என்ஜின் எச்பியில் ஏறக்குறைய 80 முதல் 85 சதவீதம். ஓர் அடி அகலத்துக்கு 7 என்ஜின் எச்பி என்பது தோராயக் கணக்கு, இறுகிய மண்ணுக்கு இன்னும் கூடும். ரொட்டவேட்டர் பின்சக்கரங்களின் வெளிவிளிம்பு வரை மூட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத் தடம் அப்படியே கிடக்கும். ஆறடி இடைவெளி வாழைத்தோப்பு என்றால் வண்டி நான்கடி அகலத்தைத் தாண்டக் கூடாது. அதற்காகச் சக்கரத்தை ஒரேயடியாக உள்ளே தள்ளிப் பூட்டினால், வரப்பேறும்போது வண்டி சாயும்.

டிரெய்லரில் கரும்போ மணலோ ஏற்றும் எண்ணம் இருந்தால் மினி வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது பின்னால் வரும் பாரம் இலேசான வண்டியைத் தள்ளி மடக்கிவிடும். எந்த வண்டியானாலும் பிடிஓ தண்டின் மூடியைக் கழற்றி ஓட்ட விடாதீர்கள். 540 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி நுனி சிக்கினால் கையை எடுக்கக்கூட நேரம் இராது.

பணம் அனுப்புமுன் டீலரைச் சொந்த வயலில் டெமோ காட்டச் சொல்லி, வீடியோ அழைப்பில் பாருங்கள். பின் டயரில் ஒரு சுண்ணாம்புக் கோடு. ஐந்து கொழுக் கல்டிவேட்டரை (மண்ணைக் கீறும் கலப்பை) தூக்கியபடி டயர் பத்துச் சுற்று சுற்றட்டும், போன தூரத்தை அளக்கட்டும். 30 மீட்டர் என்று வையுங்கள். பிறகு கல்டிவேட்டரை மண்ணில் இறக்கி அதே பத்துச் சுற்று. 25.5 மீட்டர் வந்தால் வழுக்கல், அதாவது டயர் வீணாகச் சுற்றுவது, 15 சதவீதம், நல்லது. 24-க்குக் கீழே போனால் டீசல் வீணாகிறது. இதை ரொட்டவேட்டரில் பார்க்க விடாதீர்கள், அது சுற்றும்போது வண்டியைத் தானே முன்னுக்குத் தள்ளும், வழுக்கலே தெரியாது. வழுக்கல் அதிகம் என்றால் "பெரிய மாடல் எடுங்க" என்பார் டீலர். அதற்கு முன் பின் டயர்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள்.