கறுப்புப் பட்டைக்கு எத்தனை வருடம்?

கோலாலம்பூரின் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பிள்ளையைக் கராத்தே வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கட்டணம் கேட்பார்கள். அப்புறம், "பிளாக் பெல்ட் வாங்க எத்தனை வருஷம் ஆகும், மாஸ்டர்?" என்பார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று வகுப்பு தவறாமல் வந்தால் 3 முதல் 5 வருடம் என்பது வழக்கமான பதில். பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்றால் 10 வருடம்கூட ஆகும். இதை வீண் தாமதம் என்று நினைப்பவர்கள் உண்டு. உடம்பு கற்றுக்கொள்ளும் விதத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

காலைச் சுழற்றிப் பக்கவாட்டில் உதைக்கும் மாவாஷி கேரி உதையை எடுத்துக்கொள்வோம். முழங்காலைத் தூக்க வேண்டும், ஊன்றிய காலைச் சுழற்ற வேண்டும், இடுப்பைத் திருப்ப வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துத்தான் செய்வார்; மூளையின் முன்பகுதிக்கு அதிலேயே வேலை சரியாக இருக்கும். நினைத்த அசைவுக்கும் நடந்த அசைவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிறுமூளை ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுத் திருத்துகிறது. பல மாதம் பழகிய பிறகு, மூளையின் ஆழத்தில் இருக்கும் நரம்புத் திரள்கள் அந்தத் துண்டு அசைவுகளை ஒரே தொடராகக் கோர்த்துவிடுகின்றன. அப்போதுதான் கண்ணும் கவனமும் எதிராளியைப் பார்க்க விடுபடும்.

இந்தச் சேமிப்பு வேலை வகுப்போடு முடிவதில்லை. இரவுத் தூக்கத்திலும் தொடர்கிறது. அதனால் ஒரே நாளில் மூன்று மணி நேரம் பழகுவதைவிட மூன்று நாள் தலா ஒரு மணி நேரம் பழகுவது நல்லது. 1978-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, தட்டச்சு பழகிய தபால் ஊழியர்களை ஒப்பிட்டது. நாளுக்கு 1 மணி நேரம் பழகியவர்கள், 4 மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். ஆனால் நாட்கள் அதிகம் பிடித்ததால், பயிற்சியில் திருப்தி குறைவாக இருந்ததும் அவர்களுக்குத்தான்! பட்டைக்காகக் காத்திருக்கும் பிள்ளையின் சலிப்பும் இதே வகைதான் என்று நான் நம்புகிறேன்.

தசைநாண்களுக்கும் அவகாசம் வேண்டும். தசை சில வாரங்களில் பலம் கூட்டிக்கொள்ளும். அதை எலும்போடு இணைக்கும் நாண்களில் ரத்த ஓட்டம் குறைவு, மாற்றமும் மெதுவாகத்தான் வரும். கிரேடிங் எனும் பட்டைத் தேர்வு நெருங்கும்போது திடீரென்று பயிற்சியை இரட்டிப்பாக்கினால் குதிகால் நாணும் முழங்காலும் வலிக்கத் தொடங்குவது இதனால்தான். சில பாணிகளில் விதிகளே காலத்தைக் காக்கின்றன. தேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவொன்னின் முறையில் 15 வயதுக்கு உட்பட்டோருக்கு டான் எனும் கறுப்புப் பட்டைத் தரம் கிடையாது, பூம் என்ற சிறுவர் தரம்தான்; முதல் டானிலிருந்து இரண்டாவதுக்குப் போகக் குறைந்தது 1 வருடம் ஆக வேண்டும்.

ஆகவே, "பதினாறு வயதுக்குள் பிளாக் பெல்ட்" என்று தேதி குறிப்பதைவிட, "இந்த மூன்று மாதமும் வாரம் மூன்று நாள், இந்த ஒரு காத்தா (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொடர்)" என்று குறித்துக்கொள்வது பயன் தரும். தேர்வின் முடிவு மற்றவர் கையில். பயிற்சி நாள் நம் கையில்.

எஸ்.பி.எம். எனும் பள்ளி இறுதித் தேர்வு வருடத்தில் நிறுத்த வேண்டி வந்தாலும் பயப்பட வேண்டாம். மூச்சுத் திறன் சில வாரங்களில் குறையும், ஆனால் நன்றாகப் பழகிய அசைவுகளில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். திரும்பி வருகிறவர்களுக்கு ஆபத்தும் அங்கேதான்: பழைய உயரத்துக்கு உதைக்க மூளைக்குத் தெரியும், தொடையும் நாணும் இன்னும் தயாராக இருக்காது. முதல் மாதம் இடுப்பு உயரத்துக்கு மேல் காலைத் தூக்காமல் பழகட்டும்.