ஆளுமைப் பிறழ்வு

யாழ்ப்பாணத்தில் ‘ஆளுமை’ என்றால் புகழ்ச்சி. முப்பத்தோராம் நாள் கல்வெட்டில் “ஊர் போற்றிய ஆளுமை” என்று போடுவார்கள். உளமருத்துவத்தில் அந்தப் பெருமை கிடையாது. ஒருவர் தன்னை எப்படி எண்ணுகிறார், மற்றவரோடு எப்படிப் பழகுகிறார், கோபதாபத்தை எப்படிக் கையாள்கிறார் என்ற நிலைத்த போக்குக்கே அங்கு ஆளுமை என்று பெயர். அது எல்லாருக்கும் உண்டு. அந்தப் போக்கே தனக்கும் மற்றவருக்கும் நீண்டகாலத் தொல்லையாகிவிட்டால் ஆங்கிலத்தில் ‘பெர்சனாலிட்டி டிஸ்ஓர்டர்’ என்பார்கள். ஒரு பிள்ளைக்கு அப்படிச் சொல்ல நேர்ந்தால் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி.

‘பெர்சனாலிட்டி’யின் வேர் இலத்தீனின் ‘பெர்சோனா’. நாடக நடிகர் போட்ட முகமூடி. நமது சொல்லின் வேர் ‘ஆள்’. தன்னை ஆளமுடியாத தவிப்பைப் பேசுகிற இடத்தில் நமது சொல்தான் பொருத்தம் என்பேன்.

‘டிஸ்ஓர்டர்’தான் சிக்கல். ‘குறைபாடு’ என்றால் பிள்ளையிடம் ஏதோ இல்லை என்றாகிவிடும். ‘சிதைவு’ உளச்சிதைவோடு மயங்கும். அது ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்ற வேறு நோய். ‘குழப்பம்’ என்றால் அம்மம்மாவின் காதில் ‘குழப்படி’ என்றுதான் விழும். ‘பிறழ்வு’ பரவாயில்லை. ‘பைபோலார்’ நோய்க்கு இருமுனையப் பிறழ்வு என்று ஏற்கெனவே புழங்குகிறது. விலகியது திரும்பி வரவும் அந்தச் சொல்லில் இடமிருக்கிறது.

பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை வைத்தியர்கள் லேசில் வைப்பதில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013 கையேட்டின்படி, 18 வயதுக்குட்பட்டவரிடம் அறிகுறிகள் ஒரு வருடமாவது நீடித்திருக்க வேண்டும். மற்றவரின் உரிமையை மதியாத ‘சமூகவிரோத’ வகையை 18க்கு முன் சொல்லவே கூடாது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடோ பழைய வகைப் பெயர்களைப் பெரும்பாலும் விட்டு, லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று அளவைப் பார்க்கிறது.

மதிப்பீடு ஒருநாள் வேலையல்ல. வீடு, வகுப்பு, ரியூசன் மூன்றிலும் விசாரிக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வெடிக்கிற பிள்ளை என்றால், முதலில் அந்த இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். மனவடு, மனச்சோர்வு, ஓட்டிசம், தகப்பனின் குடி எல்லாம் இதே முகத்தோடு வரும்.

இதற்கென்று தனி மருந்து இல்லை. கூடவரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தான் குளிசை. கையை வெட்டிக்கொள்ளும் பிள்ளை என்றால் முதல் வேலை பாதுகாப்பு. அப்புறம் பேச்சு. “ரீச்சர் என்னை வெறுக்கிறா” என்று பிள்ளை சொன்னால், “இல்லையம்மா” என்று மறுப்பதில்லை. “அவவின்ர முகத்தில என்ன கண்டனீர்? வேற என்ன காரணம் இருக்கும்?” என்று கேட்பார்கள். இதையே தாய் தகப்பனும் பழக வேண்டும், அவர்களுக்கும் வகுப்புண்டு.

‘விசர்’ என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து வைத்தியரிடம் போகாமல் முதலில் மந்திரித்துப் பார்வை பார்க்கப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் ‘உணர்வைக் கட்டுப்படுத்தச் சிரமப்படுகிறார்’ என்றால் போதும். முழுப்பெயர் கிளினிக் கொப்பியில் இருக்கட்டும்.