ஹெப்பாடிட்டிஸ்: காமாலையா, கல்லீரல் அழற்சியா?

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் எங்கள் மாமா சுகர் கூடிப்போய் ரத்தம் கொடுத்தார். லேப் சீட்டில் 'எச்சிவி ரியாக்டிவ்' என்றும் வந்தது, அதாவது ஹெப்பாடிட்டிஸ் சி வைரஸின் தடயம். "ஹெப்பாடிட்டிஸ் சி. காமாலைதான் மாமா" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடி முன் நின்று கீழிமையை இழுத்துப் பார்த்தார். "மஞ்சளே இல்லையே மாப்ள?"

தப்பு என் மொழிபெயர்ப்பில். காமாலை வெறும் அறிகுறி. பித்தநீர்க் குழாயைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். நாள்பட்ட சி வைரஸோ பல வருஷம் மஞ்சளே காட்டாமல் இருக்கும்.

கிரேக்கத்தில் 'ஹெப்பார்' என்றால் கல்லீரல். 'ஐட்டிஸ்' என்ற ஈறு மருத்துவத்தில் அழற்சியைக் குறிக்கும். ஆகவே கல்லீரல் அழற்சி. அழல் என்றால் தீ. 'இன்ஃப்ளமேஷன்' என்ற சொல்லுக்குள்ளும் லத்தீன் தீச்சுடர்தான் இருக்கிறது. சிலர் 'கல்லீரல் வீக்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை, வீக்கம் அழற்சியின் ஒரு குணம் மட்டுமே.

ஹெப்பாடிட்டிஸுக்கு முன்னால் ஒட்டிவரும் 'குரானிக்' என்பதன் வேர், காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'குரோனோஸ்'. வைரஸ் 6 மாதம் தாண்டியும் உடம்பில் தங்கினால் அப்படிச் சொல்வார்கள். நாள்பட்ட புண், நாள்பட்ட சளி என்கிறோமே, அதே சொல் போதும். 'தீராத' மட்டும் வேண்டாம்: சி வகை இன்று 8 அல்லது 12 வார மாத்திரையில் பெரும்பாலோருக்குத் தீர்ந்துவிடுகிறது.

சரி, சுகர் எங்கே வந்தது? களி தின்றதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் ஒரு பங்கைக் கல்லீரல் கிளைக்கோஜனாக மாற்றிப் பதுக்கி, வயிறு காய்ந்த நேரத்தில் அவிழ்த்துவிடும். கிளைக்கோஜன் என்பது 1857இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் வைத்த பெயர். சர்க்கரையைப் பிறப்பிப்பது என்று பொருள். 'போதும், நிறுத்து' என்று கல்லீரலுக்குச் சொல்வது இன்சுலின். சி வைரஸ் அந்தச் செய்தி செல்லுக்குள் போகும் வழியைக் கெடுக்கிறது. சொல்பேச்சு கேட்காத கல்லீரல் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். தசைகளும் இன்சுலினுக்கு மந்தமாகும். இதை 'இன்சுலின் எதிர்ப்பு' என்பது வழக்கம். 'இன்சுலின் மந்தம்' என்றால் இன்னும் பொருந்தும் என்பேன். பி வகைக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு தெளிவாக இல்லை.

வைரஸ் அடங்கினால் சர்க்கரையும் இறங்கலாம். மாமா வைரஸ் மாத்திரையோடு சுகர் மாத்திரையையும் பழைய அளவிலேயே போட்டுவந்தார். ஒருநாள் காலை ஏலத்தின் நடுவே சர்க்கரை ரொம்பத் தாழ்ந்து கை நடுங்கி, சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. கூடையிலிருந்த பெங்களூரா பழம் ஒன்றை அறுத்துக் கொடுத்தோம். மறுநாளே டாக்டர் சுகர் மாத்திரையைப் பாதியாக்கினார்.