சூடான சாம்பாரும் பிளாஸ்டிக் கவரும்: சட்டம் என்ன சொல்கிறது?

போன வாரம் ஒரு டிபன் கடையில் பார்சலுக்காக நின்றிருந்தேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி, வாயை முறுக்கி, நூல் சுற்றிக் கட்டினார்கள். கையில் வாங்கியபோது கவர் தொளதொளவென்று இளகிப்போயிருந்தது. உள்பக்கம் எண்ணெய்ப் படலம் ஒட்டியிருந்தது. "இது சாப்பாட்டுக்கான கவர்தானா அண்ணே?" என்று கேட்டேன். "எல்லாக் கடையிலும் இதுதான் சார்" என்றார். அவர் மேல் கோபம் வரவில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உணவைத் தொடும் எந்தப் பொருளும் உணவுத் தரத்தில் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய (பேக்கேஜிங்) ஒழுங்குமுறை, 2018-இன் அடிப்படை விதி. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த இது, 2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதற்குத் தாய்ச் சட்டம் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். 'பாதுகாப்பற்ற உணவு' எது என்று விளக்கும் இடத்தில், உணவில் நஞ்சு இருந்தால் மட்டுமல்ல, அதன் உறையில் நஞ்சு இருந்தாலும் அது பாதுகாப்பற்ற உணவுதான் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பலருக்குத் தெரியாத வரி இது. சாம்பார் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி, கவர் சரியில்லை என்றால் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்கு என்னதான் போகிறது? புதுப் புடவையை முதல் தடவை நனைக்கும்போது சாயம் இறங்குகிறதே, கிட்டத்தட்ட அதே கதைதான். பிளாஸ்டிக்கை வளைய வைக்க, நிறமூட்ட, வெயிலில் வெடிக்காமல் காக்க என்று பல ரசாயனங்கள் சேர்க்கிறார்கள். அவற்றில் ஒரு பகுதி பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணையாமல் சும்மா தங்கியிருக்கும். சூடு பட்டால் இறங்கும். எண்ணெய், புளிப்பு பட்டால் இன்னும் சுலபமாக இறங்கும். நம் சாம்பாரில் இந்த மூன்றுமே இருக்கின்றன.

எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு விதியில் அளவு உண்டு. ஒரு கிலோ உணவுக்கு மொத்தமாக 60 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 9845-இன்படி ஆய்வகத்தில் இதைப் பார்க்கிறார்கள். உணவுக்குப் பதிலாக நீர், அமிலக் கரைசல் போன்றவற்றை பிளாஸ்டிக்கோடு குறிப்பிட்ட சூட்டில் குறிப்பிட்ட நேரம் வைத்து, என்ன இறங்கியது என்று அளப்பார்கள். சில பொருள்களுக்குத் தனி வரம்பும் உண்டு. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கின் தயாரிப்பில் பயன்படும் ஆன்டிமனி என்ற உலோகப் பொருள் கிலோவுக்கு 0.04 மில்லிகிராம். பி.வி.சி.யை இளக்கச் சேர்க்கும் டி.இ.எச்.பி. என்ற தாலேட் 1.5 மில்லிகிராம். உணவைத் தொடும் பேக்கிங் பொருள் விதிப்படி இருக்கிறது என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்று வாங்கி வைத்திருப்பது உணவு வணிகரின் கடமை. கவர் விற்றவர் வாயால் சொன்னது போதாது.

அதே விதியில் இன்னொன்று: அச்சடித்த செய்தித்தாளில் உணவை வைக்கவோ மடிக்கவோ கூடாது. எண்ணெய் வடியும் பஜ்ஜியை நேற்றைய பேப்பரில் வைத்து அழுத்தி எடுக்கும்போது அச்சு மை பஜ்ஜியில் ஒட்டுகிறது. சில சமயம் எழுத்தே தலைகீழாகப் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். மையில் ஈயம் போன்ற கன உலோகங்கள் இருக்க வாய்ப்புண்டு என்று ஆணையமே 2023-இல் மறுபடியும் எச்சரித்தது. மறுசுழற்சி பிளாஸ்டிக்கையும் 2018 விதி உணவுக்கு முழுவதுமாகத் தடுத்தது. 2022-இல்தான் மறுசுழற்சி செய்த பெட் பிளாஸ்டிக்குக் கட்டுப்பாடுகளோடு வழி திறந்தார்கள். ஒருமுறை பயன்படுத்திய தகர டின்னில் திரும்ப உணவு அடைக்கவும் கூடாது.

பால் புட்டி வாங்கும்போது

எனக்கு அதிகக் கவலை இருப்பது இங்கேதான். பாலிகார்பனேட் என்ற கண்ணாடி போன்ற கெட்டி பிளாஸ்டிக்கைச் செய்யப் பயன்படுவது பிஸ்பீனால் ஏ, சுருக்கமாக பி.பி.ஏ. உடலுக்குள் போனால் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல நடிக்கக்கூடியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல், ஒரு நாளைக்குத் தாங்கக்கூடிய அளவு என்று முன்பு வைத்திருந்ததை 20,000 மடங்கு குறைத்தது. அதன்பின் உணவைத் தொடும் பொருள்களில் பி.பி.ஏ.வைத் தடை செய்யும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை. இப்போது உணவில் இருக்கும் அளவு ஆபத்தில்லை என்பது அதன் நிலை. ஆனால் பால் புட்டியில் அங்கேயும் 2012-லிருந்து பாலிகார்பனேட்டுக்கு அனுமதி இல்லை. வேறு எதில் கருத்து மாறுபட்டாலும், பச்சைக் குழந்தை விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒரே பக்கம்தான்.

இந்தியாவிலும் அப்படியே. பால் புட்டிக்கான தர நிர்ணயம் ஐ.எஸ். 14625. அது 2015-இல் திருத்தப்பட்டபோது பாலிகார்பனேட் விலக்கப்பட்டது. 1992-ஆம் ஆண்டுக் குழந்தை உணவுச் சட்டத்தின்படி, தர முத்திரை இல்லாத பால் புட்டியை விற்பதே குற்றம். அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'விலை என்ன' அல்ல. பெட்டியைத் திருப்பி ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அந்த எண்ணையும் தேடுங்கள். என் தங்கை மகளுக்கு வாங்கப் போனபோது, வரிசையாக அடுக்கியிருந்ததில் பொம்மை போட்ட, சிரித்த முகம் போட்ட புட்டிகள்தான் முன்னால் இருந்தன. மூன்று பெட்டிகளைத் திருப்பிப் பார்த்த பிறகே முத்திரையுள்ள ஒன்று கிடைத்தது. 'பி.பி.ஏ. இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது ஒன்றில். முத்திரை அதில் இல்லை. விளம்பர வாசகம் முத்திரைக்கு ஈடாகாது. முத்திரை இருந்தாலும், கொதிக்கும் பாலை நேராகப் புட்டியில் ஊற்றாமல் ஸ்டீல் டம்ளரில் ஆற்றி ஊற்றுங்கள்.

பெரியவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு அவ்வளவு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஒழுங்குமுறையின் தனி வரம்புப் பட்டியலில் பி.பி.ஏ. இடம்பெறவில்லை. குடிநீர் அடைக்க அனுமதிக்கப்பட்ட பிளாஸ்டிக்குகளில் பாலிகார்பனேட்டும் ஒன்று. தமிழ்நாட்டில் எத்தனை வீடுகள் 20 லிட்டர் கேனை நம்பி வாழ்கின்றன! இது நிரப்பப்பட வேண்டிய ஓட்டை என்றே நினைக்கிறேன். கேனின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 1 என்றால் பெட். 7 என்றால் 'மற்றவை'. பாலிகார்பனேட் இந்த வகையில்தான் வரும். கீறல் விழுந்து, வெளுத்து, வெயிலில் லாரி மேல் நின்று வந்த கேனை வாங்காமல் திருப்பி அனுப்பலாம். சிறிய தண்ணீர் பாட்டிலைப் பற்றி ஒரு தவறான பயமும் உலவுகிறது. அது பெட், பெட்டில் பி.பி.ஏ. சேர்ப்பதில்லை. ஆனால் காருக்குள் வெயிலில் கிடந்தால் ஆன்டிமனி கூடுதலாக இறங்கும். அப்படிக் கிடந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.

தமிழ்நாட்டில் கூடுதலாக ஒன்று

சாம்பார் கவர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு பிடிமானமும் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக்குகளுக்கு மாநிலத் தடை உண்டு. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், எந்தத் தடிமனிலும் பிளாஸ்டிக் தூக்குப்பை, தெர்மகோல் கப், பிளாஸ்டிக் பூசிய தேநீர்க் கப் எல்லாம் அதில் அடக்கம். பிளாஸ்டிக் பூசிய கப் மீதான தடையை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 'பேப்பர் கப் தானே' என்று நினைக்கிறோம். அதன் உள்பக்கம் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வில், அப்படிப்பட்ட கப்பில் 100 மில்லி சூடான திரவம் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலப்பது தெரிந்தது. தடையின் நோக்கம் குப்பையைக் குறைப்பது என்றாலும், உடம்புக்கும் அது நல்லதாகவே முடிந்திருக்கிறது.

எல்லா டப்பாவையும் வீசிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அரிசி, பருப்பு வைத்த டப்பா கிடக்கட்டும். சூடு, எண்ணெய், புளிப்பு, குழந்தை: இந்த நான்கில் ஏதாவது வரும் இடத்தில் மட்டும் ஸ்டீலுக்கோ கண்ணாடிக்கோ மாறினால் பெரும்பகுதி வேலை முடிந்தது. பார்சலுக்கு ஒரு தூக்குச்சட்டி கொண்டுபோங்கள். பல கடைகளில் சந்தோஷமாகவே ஊற்றித் தருகிறார்கள்.

புகார் செய்வது எப்படி?

கடையில் சொல்லியும் மாறவில்லை என்றால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் எழுதலாம். கடையின் பெயர், தெரு, தேதி, கவரின் படம், பில் இருந்தால் அதன் படம், இவ்வளவு போதும். அந்தத் துறையின் மாவட்டப் பொறுப்பாளரான நியமன அலுவலரிடம் நேரிலும் எழுதித் தரலாம். மத்திய ஆணையத்தின் இலவச எண் 1800 11 2100.

வாங்கிய உணவைப் பரிசோதிக்கவே வேண்டும் என்று தோன்றினால், 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு அதற்கும் வழி விடுகிறது. கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். சென்னை கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு ஆய்வகம் இருக்கிறது. ஒன்றை மறக்காதீர்கள்: சோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். உணவு விதியை மீறியது என்று அறிக்கை வந்தால், கட்டிய பணம் உங்களுக்கே திரும்ப வரும்.