வலி போன பிறகும் தெளியாத மூளை: மைக்ரேனும் மறதியும்

மைக்ரேனுக்காக வருகிறவர்களிடம் வலியைப் பற்றிக் கேட்டால் மடமடவென்று சொல்லிவிடுவார்கள். எந்தப் பக்கம் தெறிக்கிறது, எத்தனை மணி நேரம் நீடிக்கிறது, குமட்டல் உண்டா, வெளிச்சமும் சத்தமும் எவ்வளவு தொந்தரவு செய்கின்றன, எல்லாமே அவர்களுக்கு அத்துப்படி. பேச்சு முடிந்து எழுந்திருக்கிற நேரத்தில்தான் தயங்கித் தயங்கி இன்னொன்று வெளியே வரும். "டாக்டர், இப்பல்லாம் எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது. பேசிட்டு இருக்கும்போதே வார்த்தை நின்னு போயிடுது. டிமென்ஷியா ஏதும் ஆரம்பிக்குதா?" முப்பது வயதுக்காரர்களும் இதைக் கேட்கிறார்கள். வலியை விவரித்தபோது இல்லாத பயம் அப்போது முகத்தில் தெரியும்.

நீங்கள் உணர்கிற தடுமாற்றம் உண்மையானது, அது மைக்ரேனோடு சேர்ந்தே வருவது என்று முதலில் சொல்வேன். இது டிமென்ஷியா என்ற மறதி நோய் இல்லை என்பதை அதோடு சேர்த்துச் சொல்வேன். முதலாவதை மட்டும் சொன்னால் பயம் கூடிவிடும். இரண்டாவதை மட்டும் சொன்னால், 'டாக்டரும் நம்பவில்லை' என்ற வருத்தத்தோடு கிளம்பிவிடுவார்கள்.

மைக்ரேனில் தலைவலி என்பது நடுவில் வரும் ஒரு கட்டம்தான். அதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே, மூளையில் வேலை தொடங்கிவிடுகிறது. காரணமில்லாமல் கொட்டாவி வரும், கழுத்து இறுகும், எரிச்சல் வரும், படிப்பது மண்டையில் ஏறாது. இந்தக் கட்டத்தில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி வழக்கத்தைவிட அதிகமாக இயங்குவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தூக்கம், பசி, விழிப்பு நிலை எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிற இடம் அது. அது நிலைகுலையும்போது கவனம் சிதறுவதில் வியப்பில்லை. 'நேத்து சரியா வேலை செய்யல, அந்த டென்ஷன்லதான் இன்னைக்குத் தலைவலி' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். மைக்ரேன் நேற்றே தொடங்கிவிட்டதால்தான் வேலை ஓடவில்லை.

நான்கில் ஒருவருக்கோ மூவரில் ஒருவருக்கோ வலிக்கு முன் 'ஆரா' வரும். கண்ணெதிரே வளைந்து வளைந்து மின்னும் கோடுகள், நடுவில் பார்வை மறையும் ஓர் இடம். 1941இல் கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் தனக்கே வந்த இந்தப் பார்வைக் கோளாறை வரைந்து வைத்து, மூளையின் மேலடுக்கான புறணியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்வதாகக் கணக்கிட்டார். 1944இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் அரிஸ்டிடெஸ் லேயோ, முயல்களின் மூளைப் புறணியில் மின் இயக்கம் அடங்கிப்போய், அந்த அடக்கம் ஏறக்குறைய அதே வேகத்தில் அலையாகப் பரவுவதைப் பதிவு செய்தார். அந்த அலைதான் ஆராவுக்குக் காரணம் என்று இன்று கருதுகிறோம். அது மொழிக்கான பகுதியைத் தொட்டால் நோயாளிக்கு வார்த்தை வராது, வாக்கியம் குழறும். தனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தும் சொல்ல முடியாத அந்த இருபது, முப்பது நிமிடங்கள் கொடுமையானவை.

வலி உச்சத்தில் இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதைச் சில சமயம் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். மைக்ரேன் தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே வந்த ஒருவரிடம் 7, 2, 9, 4 என்று நிதானமாகச் சொல்லி, அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார். கடைசியிலிருந்து தொடங்கித் தலைகீழாகச் சொல்லச் சொன்னேன். "நாலு... ஒன்பது..." அதோடு சரி. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் தேடிவிட்டு, "முதல் நம்பர் என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். வலி விட்ட பிறகு வந்தபோது ஆறு எண்களைத் தடுமாறாமல் தலைகீழாகச் சொன்னவரும் அவர்தான்.

காதில் விழுந்ததைச் சில விநாடி மனதில் பிடித்துவைத்து, அதை வைத்து ஏதாவது செய்கிற திறனைத்தான் அந்தச் சோதனை பார்க்கிறது. செயல்படு நினைவு என்போம். மைக்ரேன் வந்திருக்கும்போது அதிகம் அடிபடுவது இதுவும் கவனமும் யோசிக்கும் வேகமும்தான். பழைய நினைவுகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. வலி, வெளிச்சம், சத்தம், குமட்டல் என்று நாலு பக்கமிருந்தும் வருகிற செய்திகளை வடிகட்டுவதிலேயே மூளை திணறிக்கொண்டிருக்கிறது. அப்போது நீங்கள் கேட்கிற விஷயம் நினைவில் பதிவதே இல்லை. பதியாததைப் பிறகு எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. 'போன வாரம் சொன்னேனே, மறந்துட்டியா?' என்று வீட்டில் சண்டை வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட விஷயங்களுக்குத்தான்.

வலி போன பிறகு வரும் கட்டத்தைப் பற்றி மருத்துவர்களாகிய நாங்களே போதுமான அளவு கேட்பதில்லை என்பது என் ஆதங்கம். ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை அது நீடிக்கலாம். உடம்பு அசந்துபோயிருக்கும், தலை கனமாக இருக்கும், யோசனை மெதுவாக ஓடும். கணக்கு ஆசிரியை ஒருவர் சொன்னது மனதில் நிற்கிறது. முந்தைய நாள் வலி முழுவதும் விட்டுப்போய், பள்ளிக்கு வந்து, கரும்பலகையில் ஒரு கணக்கின் இரண்டு படிகளை எழுதியிருக்கிறார். மூன்றாவது படி வரவில்லை. பல வருடம் போட்ட கணக்கு. சாக்பீஸைக் கையில் பிடித்தபடி நின்றிருக்கிறார். தங்களைச் சோதிக்கிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் கையைத் தூக்கிப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவர் அழுதார். 'வலிதான் போயிடுச்சே, இன்னும் என்ன?' என்று கேட்கிற வீட்டாரும் மேலதிகாரிகளும் இந்த ஒரு நாளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாக்குதல்களுக்கு இடைப்பட்ட நாட்களில் பெரும்பாலோருக்கு மூளை இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. சில ஆய்வுகளில் சிறிய குறைவு தெரிகிறது, சிலவற்றில் தெரிவதில்லை. ஆனால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருக்கிறவர்களுக்கு நிலைமை வேறு. ஒரு தாக்குதலுக்குப் பின் வரும் மந்தம் தெளிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுவதால் தெளிந்த நாளே இருக்காது. தூக்கக் குறைவும் மனச்சோர்வும் பதற்றமும் கூடவே இருக்கும். இவை ஒவ்வொன்றும் தனியாகவே மறதியைக் கொண்டுவரக்கூடியவை.

மருந்தையும் கவனிக்க வேண்டும். மைக்ரேனைத் தடுக்கக் கொடுக்கிற டோபிராமேட் சிலருக்கு வார்த்தைத் தடுமாற்றத்தையும் மந்தத்தையும் தரும். அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பொதுவாகச் சரியாகிவிடும். அதே வேலைக்குக் கொடுக்கிற அமிட்ரிப்டிலின், ஃப்ளூனரிசின் இரண்டும் தூக்கக் கலக்கம் தரலாம். மறதி எப்போது தொடங்கியது, மாத்திரை எப்போது தொடங்கியது என்று தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'வெள்ளைப் புள்ளிகள்' என்று படித்துவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்கள் நிறைய. மைக்ரேன் உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மூளையின் வெண்பொருளில் சிறு புள்ளிகள் கூடுதலாகத் தெரிவது உண்மைதான். நெதர்லாந்தில் இப்படிப்பட்டவர்களை 9 ஆண்டுகள் கழித்து மறுபடி பரிசோதித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மைக்ரேன் உள்ள பெண்களுக்குப் புள்ளிகள் கூடியிருந்தன. ஆனால் அந்தப் புள்ளிகளுக்கும் நினைவாற்றல் குறைவுக்கும் தொடர்பு தெரியவில்லை. அறிக்கையைக் கொண்டுவருகிறவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

சிகிச்சை விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்வேன்: வலியைத் தாங்கிக்கொள்வது வீரம் இல்லை. வலி லேசாக இருக்கும்போதே மருத்துவர் சொன்ன மாத்திரையைப் போட்டால் வலியோடு யோசனைத் தெளிவும் சீக்கிரம் திரும்புகிறது. அதே நேரம் எண்ணிக்கையில் கவனம் வேண்டும். சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாள், மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகையையோ பல மருந்து கலந்த கூட்டு மாத்திரைகளையோ 10 நாள் என்ற அளவுக்குத் தொடர்ந்து எடுத்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அந்த நிலை நெருங்குகிறது என்றால் தடுப்பு மருந்து தேவை என்று பொருள். 2018 முதல் மைக்ரேன் வலியில் பங்குள்ள சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தைக் குறிவைக்கும் ஊசிகளும் வந்துவிட்டன. பழைய மருந்துகளின் மந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இவை நல்ல மாற்று.

தலைவலி டைரி எழுதுகிறவர்கள் வலிக்கு ஒரு பத்தி ஒதுக்குவதுபோல் 'இன்று யோசனை எப்படி' என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். மூன்று மாதம் எழுதினால், மறதி வந்த நாட்கள் தாக்குதலைச் சுற்றியே குவிந்திருக்கின்றனவா, மாதம் முழுக்கப் பரவியிருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். டிமென்ஷியா தாக்குதலோடு வந்து தாக்குதலோடு போவதில்லை. பலருடைய பயம் அந்தத் தாளைப் பார்த்தே குறைந்திருக்கிறது. வலி இருக்கும்போதும் மறுநாளும் முக்கியமான முடிவையோ பணக் கணக்கையோ தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் கேட்டதை உடனே எழுதி வையுங்கள்.

எல்லா மறதியையும் மைக்ரேன் தலையில் கட்டிவிடவும் கூடாது. ஆராவில் தடுமாற்றம் படிப்படியாகப் பரவும். பக்கவாதத்தில் சட்டென்று வரும். திடீரென்று பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் துவண்டாலோ, நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி வந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம், அவசர சிகிச்சைக்குப் போங்கள். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலியையும், தாக்குதல் இல்லாத நாட்களில் மாதாமாதம் மோசமாகிக்கொண்டே போகும் மறதியையும் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். வீட்டில் ஒருவர் 'நான் எப்படி இங்க வந்தேன்?' என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவருக்கு மைக்ரேன் உண்டு என்று தெரிந்திருந்தாலும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். அது சில மணி நேரத்தில் தானே விலகும் தற்காலிக மறதியாக இருக்கலாம், வலிப்பாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம். வீட்டில் வைத்துப் பிரித்தறிய வழியில்லை. உடனே அழைத்து வாருங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் அவர் சாப்பிடுகிற மருந்துகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.